மைக்கேல் பாரடேயும் அவரை நாடி வந்த நற்பேறுகளும்

மக்கள் வாழ்க்கையில் உயர்வும் தாழ்வும் எதனால் அமைகின்றன என்பது நெடுங்காலமாக அறிஞரை மயக்கிவரும் வினாவாகும். எல்லாம் ஊழின் செயல் என்பர் ஒரு சாரார். அனைத்தும் முயற்சியின் பயன் என்பர் மற்றொரு சாரார். திருவள்ளுவரோ ஊழுக்கென ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கென ஓர் அதிகாரமும் தம் நூலில் வகுத்து, இரண்டனுள் எதனையும் விடாது காத்தனர். இவ்விரண்டும் ஒரே மனிதர் வாழ்வில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காண விரும்புவோர்க்கு, மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில நாட்டு விஞ்ஞானியின் சரித்திரத்தினும் தக்கதொன்று கிடைத்தல் அரிது. கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, உயர்தரப் பள்ளியின் வாயிலை மிதித்தறியாது, புத்தகக் கடையொன்றில் ஏவற்சிறுவனாய்ப் புகுந்த இவர், மின்சார யுகத்துக்கே வித்திட்டவராயினார். இடையில் நிகழ்ந்தவை யாவை? அவற்றுள் தாமே வந்தவை எவை, தேடிப் பெற்றவை எவை? இவற்றை ஈண்டு முறையே நோக்குவோம்.

இளமை

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள், லண்டன் மாநகரின் தென்பால் அந்நாளில் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நியூயிங்டன் என்னும் இடத்திற் பிறந்தார். இவருடைய தந்தையார் ஜேம்ஸ் பாரடே வடநாட்டினின்றும் பிழைப்புத் தேடி வந்த கருமான். அடிக்கடி நோய்வாய்ப்பட்டு உலைக்களத்தை விட்டு வீட்டிற் கிடந்தவர். மக்கள் நால்வர். 1801-ஆம் ஆண்டில் தானியவிலை மிக ஏறியபோது, மைக்கேலுக்கு ஒரு வாரம் முழுமைக்கும் ஒரே ரொட்டி பங்காகக் கொடுக்கப்பட்டதென அறிகிறோம். பத்து வயதுச் சிறுவன் அதனை ஏழு நாளைக்கும் பகுத்து உண்ண வேண்டியிருந்தது. எழுதுதல், படித்தல், சிறிது கணக்கு இவையே அவர் பெற்ற பள்ளிக்கல்வி.

வறுமையிடையேயும் அக்குடும்பத்தார்க்கு ஒரு செல்வம் இருந்தது. அவர்கள் ஸாண்டிமேனியர் எனப்படும் சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். வேதாகமத்தை எழுத்துப்படி பின்பற்றுதலும், பொருளைச் சேர்த்து வைத்தலைத் தவிர்த்தலும், சகோதர அன்பும் அச்சபையாரின் ஒழுக்கங்கள். இளமையிற் பதிந்த இக்கொள்கைகளை மைக்கேல் தம் இறுதி மூச்சு வரையில் கைவிட்டாரில்லை.

1804-ஆம் ஆண்டில் அவர் பிளாண்ட்போர்டு தெருவில் ஜார்ஜ் ரிபோ என்பவர் நடத்திவந்த புத்தகக் கடையில் ஏவற்சிறுவனாக அமர்ந்தார். செய்தித்தாள்களை வாடிக்கைக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், அவர்கள் படித்து முடித்தபின் திரும்ப வாங்கி வருவதும் அவர் வேலை. ஓராண்டு கழிந்ததும் ரிபோ, சிறுவனுடைய உண்மையான உழைப்பை மெச்சி, பயிற்சிக்கட்டணம் ஏதும் வாங்காமலே ஏழாண்டுக்குப் புத்தகம் கட்டும் தொழிலிற் பயிலுமாறு அவரை ஏற்றுக்கொண்டார். இது 1805-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தது.

இதனையே அவரை நாடி வந்த முதல் நற்பேறு என்போம். ஏழைச் சிறுவன் தச்சரிடத்தோ தையற்காரரிடத்தோ அனுப்பப்பட்டிருக்கலாம். போய்ச் சேர்ந்ததோ புத்தகங்கள் நிறைந்த கடை. அதனினும் மேலானது, அக்கடையின் தலைவர் நல்லவராய் இருந்தமை. கட்டுவதற்கு வந்த நூல்களைப் பயிலும் மாணாக்கன் பிரித்துப் படிப்பதைக் கண்டு சினவாத முதலாளிகள் எத்துணைப் பேர் உளர்? ரிபோ சினவாததோடு ஊக்கமும் அளித்தார். என்ஸைக்ளோபீடியா பிரிட்டானிக்கா என்னும் பெருநூலின் ஒரு பகுதி கட்டுவதற்கு வந்தபோது, அதில் மின்சாரத்தைப் பற்றியிருந்த கட்டுரையைப் பாரடே ஆவலோடு படித்தார். திருமதி ஜேன் மார்ஸெட் என்னும் அம்மையார் ரசாயன சாஸ்திரத்தைத் தொடக்க நிலையினர்க்கு உரையாடல் வடிவில் எழுதியிருந்த நூலும் அவர் கைக்கு வந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், வாரத்தில் மிச்சம்பிடித்த சில காசுகளைக்கொண்டு மருந்துகள் வாங்கி, நூலிற் கூறியவை மெய்தானா என்று சோதித்துப் பார்த்தார். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய பின்னரும் அவ்வம்மையாருக்குத் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நன்றிக் காணிக்கையாக அனுப்பி வந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஞானப்பாடல்கள் பல இயற்றிய ஐஸக் வாட்ஸ் என்பார் அறிவை வளர்க்கும் வழிகளைப் பற்றி எழுதிய நூலொன்றும் அவருக்கு வழிகாட்டியாயிற்று. படித்தவற்றைக் குறித்து வைத்தலும், அறிஞர் சொற்பொழிவுகளைக் கேட்டலும், ஒத்த மனமுடையாரோடு அளவளாவுதலும் அந்நூல் கூறும் முறைகள். பாரடே இம்மூன்றையும் விடாமற் செய்தார்.

நான்கு சீட்டுகள்

1810-ஆம் ஆண்டில் டாட்டம் என்னும் ஆசிரியர் தம் இல்லத்தில் இயற்கைத் தத்துவ சாஸ்திரத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒன்றுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பயிலும் மாணாக்கனிடம் ஷில்லிங் ஏது? தந்தையின் தொழிலையே மேற்கொண்டிருந்த தமையனார் ராபர்ட், சம்மட்டி பிடித்துச் சம்பாதித்த காசிலிருந்து அதனைக் கொடுத்துதவினார். அவ்வாண்டிலேயே தந்தையார் இறந்தாராதலின், குடும்பச்சுமையும் அத்தமையனார் தோளிலேயே தங்கியிருந்தது. உலகம் ராபர்ட் பாரடேயின் பெயரை அறியாது. அவர் கொடுத்த ஷில்லிங்குகளின் பயனை அறியும்.

பாரடே கேட்டவற்றையெல்லாம் வீட்டிற்கு வந்து விரிவாக எழுதினார். கருவிகளின் வடிவத்தைச் சரியாக வரைய வேண்டுமென்று, ரிபோவின் வீட்டிற் குடியிருந்த மாஸ்கெரியே என்னும் பிரெஞ்சு ஓவியரிடம் சித்திரம் வரையும் முறையையும் கற்றுக்கொண்டார். பின்பு அக்குறிப்புகளைத் தம் கையாலேயே நான்கு புத்தகங்களாகக் கட்டினார். ரிபோ அவற்றைக் கண்டு பெருமிதங்கொண்டு, கடைக்கு வருவோர்க்குக் காட்டி மகிழ்வதுண்டு.

அவ்வாறு கண்டவருள் ஒருவர் டான்ஸ் என்னும் கனவான். அவர் லண்டனில் இராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தின் அங்கத்தினர். அங்கே அந்நாளில் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன வல்லுநர் சொற்பொழிவாற்றினால், செல்வரும் சீமாட்டிகளும் திரண்டு வருவர். தெருவெல்லாம் வண்டிகள் நிறையும். அத்தகைய சபைக்குள் புத்தகம் கட்டும் இளைஞனுக்கு இடம் ஏது? டான்ஸ் தம் வசமிருந்த சீட்டுகளை அவருக்கு அளித்தார். 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் தொடங்கி ஏப்ரல் மாதம் வரையில் நான்கு சொற்பொழிவுகளைப் பாரடே மேல்மாடத்தில் கடிகாரத்திற்கு மேலமைந்த இருக்கையிலிருந்து கேட்டார்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ஏப்ரல் மாதத்தில் டேவி ஸர் பட்டம் பெற்று, செல்வமிக்க அம்மையார் ஒருவரை மணந்து, ஆண்டுதோறும் நிகழ்த்தி வந்த சொற்பொழிவுகளினின்றும் விலகிக்கொண்டார். ஓராண்டு தாமதித்து அச்சீட்டுகள் வந்திருப்பின் டேவியின் குரலைப் பாரடே கேட்டிரார்.

மூடிய கதவுகள்

நற்பேறுகளை மாத்திரம் கூறி, கிட்டாமற்போனவற்றை மறைத்தல் சரித்திரத்திற்கு முறையன்று. விஞ்ஞானத் துறையில் எவ்வளவு தாழ்ந்த வேலையாயினும் சரியென்று, பாரடே இராயல் சங்கத்தின் தலைவராகிய ஸர் ஜோசப் பாங்க்ஸ் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுமொழி தேடி வாயிலோனிடம் சென்று விசாரித்தபோது, மறுமொழி இல்லை என்பதே மறுமொழியாயிற்று. 1812 அக்டோபரில் பயிற்சிக்காலம் முடிந்தது. டெலாரோஷ் என்னும் மற்றொருவரிடம் கூலிக்கு அமர்ந்தார், அவரோ முன்கோபி. ரிபோவிடம் கிடைத்த ஓய்வும் உரிமையும் அங்கே கிடைக்கவில்லை. இனி ஆயுள் முழுதும் பசையும் தோலும் நூலுந்தானோ என்று அவ்விளைஞர் உள்ளம் சோர்ந்தது.

அச்சமயத்தில் டேவிக்கு ஒரு விபத்து நேர்ந்தது. நைட்ரஜனும் குளோரினும் சேர்ந்த ஒரு பொருள் அவர் முகத்தருகே வெடித்துக் கண்ணைப் புண்படுத்திற்று. எழுதவும் படிக்கவும் இயலாத அந்நிலையில், சில நாட்கள் அவருக்கு எழுத்தராக உதவும் பணி பாரடேக்குக் கிடைத்தது. டிசம்பரில் பாரடே தாம் கேட்ட நான்கு சொற்பொழிவுகளையும் படங்களோடு விரித்தெழுதி, அழகாகக் கட்டி, ஒரு விண்ணப்பத்தோடு டேவிக்கு அனுப்பினார். பாங்க்ஸைப்போல் டேவி வாளாவிருந்தாரல்லர். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய நாளே அன்போடு விடையெழுதினார். 1813 தொடக்கத்தில் நேரிலும் அழைத்துப் பேசினார். ஆயினும் வேலை காலியில்லை. விஞ்ஞானத்தை நம்பியவர்க்கு வருவாய் குறைவென்றும், கைத்தொழிலை விடுதல் தகாதென்றும் அறிவுரை கூறி அனுப்பிவிட்டார்.

இரவில் வந்த வண்டி

பிப்ரவரி மாதத்தில் இராயல் இன்ஸ்டிட்யூஷனின் சோதனைச்சாலை உதவியாளராகிய பேய்ன் என்பவர், கருவி செய்பவராகிய நியூமன் என்பவரோடு கைகலந்து, அதனால் வேலையினின்றும் நீக்கப்பட்டார். உடனே டேவிக்குக் கடைமாடத்திருந்து குறிப்பெழுதிய இளைஞர் நினைவு வந்தது. ஒருநாள் இரவு, வேமத் தெருவிலிருந்த எளிய இல்லத்தில் பாரடே உறங்குவதற்கு உடைமாற்றிக்கொண்டிருந்தபோது, கதவு பலமாகத் தட்டப்பட்டது. வாயிலில் ஒரு பெரிய வண்டி நின்றது. சேவகன் இறங்கி, மறுநாட்காலையில் வந்து காணுமாறு டேவி எழுதிய குறிப்பைக் கொடுத்துச் சென்றான். 1813 மார்ச் மாதம் 1-ஆம் நாள் பாரடே உதவியாளராக நியமனம் பெற்றார். வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம். மேல்மாடியில் இரண்டு அறைகள். விறகும் மெழுகுதிரியும் இலவசம்.

பேய்னுடைய கேடு பாரடேக்கு ஆக்கமாயிற்று. ஒருவர் இழந்த இடத்திலேதான் மற்றொருவர் நற்பேறு அமைவதுண்டென்பது மனத்தை வருத்தும் உண்மையேயாயினும் உண்மையே. நற்பேறு பெற்றோர் செருக்கடையாமைக்கு இஃதொன்றே போதும்.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியாரோடு ஐரோப்பாக் கண்டத்தில் யாத்திரை புறப்பட்டார். உடன்வர வேண்டிய சேவகன் கடைசி நாளில் மறுத்துவிட்டமையால், அவ்வேலையும் சிலகாலம் பாரடே தலைமீது விழுந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினர். அவமதிப்புத் தாங்காமல், திரும்பிச்சென்று புத்தகமே கட்டலாமென்று அவர் எண்ணியதுமுண்டு. எனினும் கல்லூரி கண்டிராத அவருக்கு அப்பயணமே கல்லூரியாயிற்று. பாரிஸ் நகரில் ஆம்பியரைக் கண்டார். அயோடின் என்னும் புதுப்பொருளை டேவி ஆராய்ந்தபோது உடனிருந்தார். பிளாரென்ஸில் பெரிய கண்ணாடிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்த சோதனையிற் பங்குகொண்டார். மிலான் நகரில் முதியவராகிய வோல்ட்டாவையும் தரிசித்தார். 1815 வசந்தத்தில் தாய்நாடு திரும்பியபோது அவர் வயது 23.

ஒரு நொடியில் அசைந்த முள்

1821-ஆம் ஆண்டில் பாரடே சாரா பார்னார்டு என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டில், மின்னோட்டத்தால் காந்தமுள் அசைவதாக ஆர்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர் கண்டறிந்ததைத் தொடர்ந்து வெளிவந்தவற்றைத் தொகுத்தெழுதித் தருமாறு பத்திரிகையாசிரியராகிய நண்பர் ஒருவர் கேட்டார். பிறர் கூறியதைத் தாம் செய்துபாராமல் எழுதும் வழக்கம் பாரடேக்கு இல்லை. ஒவ்வொரு சோதனையையும் திரும்பச் செய்கையில், மின்னோட்டமுள்ள கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும் விந்தையை அந்தச் செப்டம்பரிற் கண்டார். இன்றைய மின்மோட்டாருக்கு அதுவே மூலம்.

புகழோடு பழியும் வந்தது. வால்லஸ்டன் என்னும் பேரறிஞரின் கருத்தை எடுத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாது விட்டார் என்று சிலர் தூற்றினர். 1824-இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினராகப் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அச்சங்கத்தின் தலைவராயிருந்த டேவியே எதிர்த்து நின்றார். கதவைத் திறந்துவிட்ட கையே அதனைச் சாத்தவும் முற்பட்டது. ஆயினும் பாரடே தம் வாழ்நாளில் டேவியிடத்துக் காட்டிய நன்றியிற் குறைந்தாரில்லை.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் அவர் வாழ்வின் பொன்னாள். மெல்லிரும்பு வளையம் ஒன்றின் இருபாலும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒரு சுற்றை மின்கல அடுக்கோடு இணைத்தார்; மற்றொன்றின் கம்பியைக் காந்தமுள்ளின் அருகே அமைத்தார். இணைத்த அக்கணத்தில் முள் அசைந்து, உடனே நிலைத்தது. இணைப்பை நீக்கிய கணத்தில் எதிர்ப்புறமாக அசைந்தது. மின்னோட்டம் சீராக ஓடுகையில் ஒன்றும் நிகழவில்லை. மாறுதலே மின்சாரத்தைத் தூண்டுகிறதென உணர்ந்த அவர், அக்டோபர் 17-ஆம் நாள் கம்பிச்சுருளினுள் காந்தத்தைச் செருகியும் எடுத்தும் மின்னோட்டத்தைப் பிறப்பித்தார்.

இவ்விடத்தில் மற்றொருவர் கதையையும் கூறவேண்டும். 1825-இல் ஜெனீவா நகரத்துக் கொலாடான் என்பார் ஏறக்குறைய இதே சோதனையைச் செய்தார். காந்தம் முள்ளை நேரே கலைத்துவிடுமோ என்று அஞ்சி, முள்ளை வேறோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளிலிட்டு அவர் அவ்வறைக்கு நடந்து போய்ப் பார்ப்பதற்குள் முள் அசைந்து ஓய்ந்திருந்தது. கவனமே அவரைக் கெடுத்தது. அவர் சோம்பியிருந்தவரல்லர், அறிவு குறைந்தவருமல்லர். எனவே, முயன்றார் யாவர்க்கும் நற்பேறு கிட்டுமென்று கூறுதல் உண்மையாகாது. முயலாதார்க்கு, கிட்டிய நற்பேறும் பயன்படாதென்று கூறுதலே உண்மை.

பாரடே கண்ட இவ்வுண்மையின் மேலேயே மின்சாரம் பிறப்பிக்கும் இயந்திரங்கள் யாவும் எழுந்தன. 1932-இல் பைகாராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் தொடங்கப்பெற்ற நீர்மின் நிலையங்களிற் சுழல்வதும் அவ்வுண்மையே. இரவில் நாம் நூல்களை விரித்துப் படிக்கும் விளக்கின் ஒளிக்கும் அவ்வளையத்திற்கும் உறவுண்டு.

கைம்மாறு

பின்னும் பல ஆராய்ச்சிகள் செய்தார். மின்பகுப்பின் விதிகளை வகுத்தார். 1845-இல் காந்தம் ஒளியின்மேலும் ஆட்சி செலுத்துவதைக் காட்டினார். உயர்கணிதம் அறியாத அவர் மனக்கண்ணாற் கண்ட காந்தக் கோடுகளை, பின்வந்த மாக்ஸ்வெல் கணித வடிவில் அமைத்து உலகிற்களித்தார். செல்வம் சேர்க்க வழிகள் பல இருந்தும் ஆராய்ச்சியின் பொருட்டு அவற்றைக் கைவிட்டார். ஸர் பட்டத்தையும் இராயல் சங்கத்தின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார். ஞாயிறுதோறும் தம் சிறு சபையில் எளியாருள் எளியராய் அமர்ந்திருந்து, மூப்பராகவும் பணியாற்றினார்.

இவை அனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்வது ஒன்றுண்டு. இராயல் இன்ஸ்டிட்யூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கியவர் பாரடே. கிறிஸ்துமஸ் விடுமுறையிற் சிறுவர் சிறுமியர்க்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசைகளில் 19-ஐ அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுதிரி எரிவதையே பொருளாகக் கொண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூல்வடிவிற் பல மொழிகளில் உலவுகின்றன. முன்னொருநாள் கடன்பெற்ற சீட்டோடு மேல்மாடத்திலிருந்து எட்டிப்பார்த்தவர், அதே மண்டபத்தின் நடுவே நின்று இளைஞரை அருகழைத்தார். தாம் பெற்ற நான்கு சீட்டுகளுக்கு அவர் செலுத்திய கைம்மாறு அதுவென்றே நாம் கருதுகிறோம்.

1858-இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் ஓர் இல்லத்தை அவர் உறைவதற்கு அளித்தார். நினைவாற்றல் குன்றி அமைதியுற்றிருந்த அவர், 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே இறைவனடி சேர்ந்தார். ஹைகேட் கல்லறைத்தோட்டத்தில் எளிய கல்லொன்றின்கீழ் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கற்பது

பாரடேயின் நற்பேறுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். கட்டணம் வாங்காத முதலாளி. சம்மட்டிக் காசைப் பகிர்ந்த தமையனார். எளியார்க்கு விளங்க எழுதிய அம்மையார். சித்திரம் கற்பித்த அயல்நாட்டார். சீட்டுகள் அளித்த கனவான். கடிதத்திற்கு விடையெழுதிய அறிஞர். வெடிவிபத்தும் கைகலப்பும் ஒருபுறம் நிற்க, அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்பதிற் பெரும்பகுதி பிறர் செய்த சிறு நற்செயல்களே. அவற்றுள் எதனையும் செய்தவர்க்குப் பெருஞ்செலவு நேர்ந்ததன்று. டான்ஸ் அச்சீட்டுகளைத் தம் மேசையிலேயே வைத்திருந்தால் அவருக்கு யாதொரு நட்டமுமில்லை. உலகமும் தான் இழந்ததை அறிந்திராது.

பாங்க்ஸின் வாயிலில் மறுமொழி பெறாது திரும்பியோர் பலர் இருந்திருப்பர். அவருள் எத்தனை பாரடேகள் இருந்தனர் என்பதை யார் அறிவார்? இவ்வெண்ணம் நம்மை உறங்கவிடாது உறுத்தவேண்டும். நம் கல்லூரி மாணவருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி புகுந்தவர். ஓர் ஆசிரியரோ, ஒரு போதகரோ, தங்கள் செலவைக் குறைத்த தமையன் தமக்கையரோ இவர்களுக்கு ஒரு சீட்டை அளித்திருப்பர்.

ஆகலின் மாணவ நண்பர்களே, சீட்டு வரும் நாளை எதிர்நோக்கி வாளாவிராதீர். அது வரும்போது காட்டுவதற்கு உங்கள் கையிற் கட்டிமுடித்த குறிப்புப்புத்தகம் இருத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவ அன்பர்களும் தத்தம் மேசையை ஒருமுறை நோக்குவாராக. விடையெழுதப்படாத கடிதமொன்றோ, கொடுக்கப்படாத சீட்டொன்றோ அங்கே கிடத்தல் கூடும். அதனைப் பெறவேண்டியவர் தெருக்கோடியிலே எங்கோ ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்.